வெந்த முட்டை ஆறிய தண்ணீர்

ஓய்வு பெற்றவர்களை எழுதச் சொன்னால் விருது வாங்கிய கதையை எழுதுவார்கள். எனக்கு விருது எதுவும் கிடைக்கவில்லை, நீங்கள் தப்பித்தீர்கள். நான் எழுதப்போவது ஈஸ்டருக்கு வேகவைத்த சில முட்டைகளைப் பற்றி. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களில் பாதிப் பேர் இதைப் படிக்காமல் போனில் தள்ளிவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். மீதிப் பாதிக்காக எழுதுகிறேன்.

நீங்கள் புதுக் கட்டடத்துப் பிள்ளைகள். எங்கள் பழைய கோழி நோய் ஆய்வகத்தை நீங்கள் பார்த்ததில்லை. தாம்பரத்தில் மின்சார ரயிலை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோவில் இடுக்கி உட்கார்ந்து, ஏரிக்கரைப் பக்கம் இறங்கி நடந்தால் கட்டடத்துக்கு முன்னால் வாசனை வந்துவிடும். கிருமி வளர்க்கும் கூழைக் காய்ச்சுகிற வாசனை அது, மாட்டெலும்பு சூப் மாதிரி இருக்கும். பயிற்சி விமானம் தாழப் பறந்தால் கண்ணாடிக் குடுவைகள் எல்லாம் கிணுகிணுக்கும். ரயிலில் பக்கத்து சீட்டுப் பெண்கள் எங்கே வேலை என்று கேட்டால் கோழி ஆஸ்பத்திரி என்பேன். சிரிப்பார்கள். அப்புறம் மூக்கைப் பொத்திக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்வார்கள். இப்போதும் எங்காவது சூப் கொதிக்கிற வாசனை வந்தால் எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது என்றுதான் தோன்றும்.

அங்கே எனக்கு மேலே ஓர் அம்மா இருந்தார். எல்லோருக்கும் அவர் பெரிய மேடம். அதனால் நான் சின்ன மேடம். பெயரை எழுத வேண்டாம் என்று அவரே சொல்லியிருக்கிறார். முட்டை ஓட்டின் வழியாகக் கிருமி எப்படி உள்ளே போகிறது என்பதுதான் அவர் ஆயுள் முழுக்கச் செய்த ஆராய்ச்சி. முட்டையைச் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்கியவர், மத்தியானம் டிபன் கேரியரைத் திறந்தால் தினமும் முட்டைக் குழம்பு. “சந்தேகம் வேற, பசி வேறம்மா” என்பார்.

நான் சேர்ந்த முதல் நாள் அவர் எனக்குப் பாடம் எதுவும் எடுக்கவில்லை. பேனா மை கலந்த குளிர்ந்த தண்ணீர் ஒரு கிண்ணத்தில் இருந்தது. அடுப்பிலிருந்து கொதிக்கக் கொதிக்க ஒரு முட்டையை எடுத்து அதில் போட்டார். ஆறியதும் உரிக்கச் சொன்னார். உரித்தால், வெள்ளைக் கருவின்மேல் அங்கங்கே நீலப் புள்ளி.

“சூடா இருக்கிற முட்டை குளிர்ந்த தண்ணியில விழுந்தா உள்ள இருக்கிறது சுருங்கும். சுருங்கினா இழுக்கும். ஓட்டுல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை ஆயிரம். தண்ணியில என்ன இருக்கோ அதையும் சேர்த்துக் குடிச்சிடும்” என்றார். அந்த முட்டைக்கு நாங்கள் மை முட்டை என்று பெயர் வைத்திருந்தோம். ஒவ்வொரு வருடமும் புதிதாகச் சேர்பவர்களுக்கு அவர் அதைக் காட்டுவார். எனக்குப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

இன்னொரு வழக்கமும் அவருடையது. செத்த கோழியைத் தூக்கிக்கொண்டு எந்தப் பண்ணைக்காரர் வந்தாலும் முதலில் நாற்காலி, அடுத்து டீ, அப்புறம்தான் கோழி. நான் ஒருமுறை முணுமுணுத்தேன், மூட்டை நாறுகிறது என்று. “செத்த கோழியை ராத்திரியோட ராத்திரியா பொதைச்சிட்டா நமக்குத் தெரியவே தெரியாது. அவன் நம்மள நம்பித் தூக்கிட்டு வரான். அந்த நம்பிக்கை போச்சுன்னா நீயும் நானும் கடையைக் கட்ட வேண்டியதுதான்” என்றார்.

அப்படி நாற்காலியும் டீயும் வாங்கியவர்தான் படப்பைக்கு அந்தப் பக்கம் முட்டைக் கோழிப் பண்ணை வைத்திருந்த குணசேகர். அப்பா காலத்தில் நெல் வயல். வயலைச் சுற்றி மனைகளாகிவிட, மிச்சமிருந்த நிலத்தில் கொட்டகை போட்டுக் கோழி வளர்த்தார். கோடை தொடங்கிய சமயம் சிமெண்ட் சாக்கில் செத்த கோழிகளோடு வந்தார். ஒரு கொட்டகையில் மட்டும் கோழிகள் பச்சையாகக் கழிந்து தலை தொங்கிச் சாகின்றன என்றார். அறுத்துப் பார்த்தோம். ஈரல் வீங்கி வெண்கல நிறத்தில் இருந்தது. கிருமியை வளர்த்தோம். சால்மோனெல்லா.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள், இதுதான் முக்கியம். சால்மோனெல்லா என்பது ஒரு பெரிய குடும்பம். அதில் ஒரு வகை கோழியைச் சாய்க்கும், மனிதனை ஏறெடுத்துக்கூடப் பார்க்காது. இன்னொரு வகை கோழியை ஒன்றும் செய்யாது. கோழி கொக்கரித்துக்கொண்டு முட்டை போடும், அந்த முட்டையைத் தின்றவன் படுக்கையில் விழுவான். குணசேகரின் கோழிக்கு வந்தது முதல் வகை. அந்தக் கொட்டகையைக் காலிசெய்யச் சொன்னோம், மற்ற கொட்டகைகளைக் காப்பாற்ற வழி சொன்னோம். தலையாட்டிக் கேட்டுக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகுதான் ஈஸ்டர் வந்தது.

பெரிய மேடத்தின் சபை மேற்குத் தாம்பரத்தில். அங்கே ஈஸ்டர் விடியற்காலை ஆராதனை முடிந்ததும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாயம் பூசிய முட்டை கொடுப்பார்கள். முந்தின நாள் சாயங்காலம் வேகவைத்து, ஆறவைத்து, சிவப்பு, மஞ்சள், ஊதா என்று சாயம் போட்டுக் கூடையில் அடுக்கி வைப்பார்கள். அந்த வருடம் முட்டைகளில் பெரும்பகுதி குணசேகரின் நல்ல கொட்டகையிலிருந்து வந்தது. பிள்ளைகள் சாப்பிட்டார்கள். திங்கட்கிழமை ஒவ்வொரு வீடாகக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் தொடங்கியது. நிறையப் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில். ஜெனி என்ற சிறுமிக்குத்தான் ரொம்ப மோசம், கண் திறக்கவில்லை என்றார்கள். அவள் சபையின் சமையலறையில் வேலை செய்யும் எஸ்தரின் மகள்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? வாட்ஸப்பில் செய்தி பறந்தது: படப்பைப் பண்ணை முட்டை விஷம், அங்கே கோழி செத்துக்கொண்டிருக்கிறது, ஆய்வகத்திலேயே சால்மோனெல்லா என்று சொல்லிவிட்டார்கள். செய்தி எங்களிடமிருந்துதான் கசிந்திருக்க வேண்டும், யார் என்று கடைசி வரை தெரியவில்லை. குரோம்பேட்டை வரை கடைக்காரர்கள் குணசேகரின் முட்டையைத் திருப்பி அனுப்பினார்கள். பண்ணைக்குப் பூட்டுப் போட வேண்டும், கோழிகளை மொத்தமாகக் கொல்ல வேண்டும் என்று பேச்சு கிளம்பியது. ஆய்வகம் ஒரு வார்த்தை எழுதிக்கொடுத்தால் போதும், அன்றைக்கே நடந்திருக்கும்.

மிஞ்சிய சாய முட்டைகள், வேகாத முட்டைகள், பண்ணையின் எச்சம், தீவனம், பிள்ளைகளிடமிருந்து ஆஸ்பத்திரியில் வளர்த்த கிருமி எல்லாம் எங்கள் மேசைக்கு வந்தன. பெரிய மேடம் கையுறையைக்கூடப் போடவில்லை.

“இது எங்க சபை முட்டை. நான் தொட்டா சரியா இருக்காது. நீயே பார். எனக்கு எதையும் சொல்லாதே, நானும் கேட்க மாட்டேன்” என்றார். சொன்னபடி தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அத்தனை வருடத்தில் நான் மேசையில் தனியாக நின்றது அன்றுதான். பயமாக இருந்தது என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்.

வாசலில் குணசேகர். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. டீயும் குடிக்கவில்லை.

“நானாதான மேடம் செத்த கோழியத் தூக்கினு வந்தேன்? யாருக்கும் தெரியாம பொதைச்சிருந்தா இன்னிக்கு எவன் என்னக் கேட்டிருப்பான்? நேர்மையா வந்ததுக்கு இதானா கூலி?” என்றார். கோபமாகக்கூட இல்லை. அசந்துபோன குரல். அவருக்கு ஊற்றிய டீயைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றேன்.

உள்ளே இயக்குநர் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் ஓயாமல் போன் அடிக்கும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தால் யாருக்கும் புத்தி கொஞ்சம் கலங்கும்.

“சால்மோனெல்லா இருக்கா இல்லையா? யெஸ் ஆர் நோ.”

“இருக்கு சார். ஆனா...”

“ஆனா எல்லாம் வேண்டாம்மா. பசங்களுக்கு சால்மோனெல்லா. அவன் கோழிக்கு சால்மோனெல்லா. அவன் முட்டை. இன்னும் என்ன வேணும்? ரெண்டு வரி எழுதுங்க, நான் கையெழுத்துப் போடறேன்.”

“தாம்பரத்துல குமார்னு ஒருத்தன் செயின் அறுத்தான்னா, குரோம்பேட்டைல இருக்கிற குமாரைப் பிடிச்சு உள்ள போடுவாங்களா சார்? பேர் ஒண்ணா இருந்தா போதுமா? எந்த வகைன்னு பார்க்கணும்.”

“ஜோக் அடிக்கிற நேரமா இது? பசங்க ஆஸ்பத்திரியில கிடக்கிறாங்க.”

“அதனாலதான் சார். தப்பான ஆளைப் பிடிச்சிட்டா சரியான ஆள் வெளியில சுத்திக்கிட்டே இருப்பான். அடுத்த வாரம் இன்னும் நாலு பசங்க விழுவாங்க.”

போன் மறுபடியும் அடித்தது. எடுக்காமல், “சீக்கிரம் பாருங்க” என்றார். அந்த ஒரு போனை அவர் எடுக்காமல் விட்டதற்கு நான் இன்றைக்கும் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கிருமி நம் அவசரத்துக்கு வளராது. காத்திருந்தேன். கோழியைச் சாய்க்கும் வகைக்கு நீந்தத் தெரியாது. கூழில் ஊசியால் குத்தினால் குத்திய இடத்திலேயே கோடு போட்டு நிற்கும். மனிதனைச் சாய்க்கும் வகை நீந்தும். கூழ் முழுக்கக் கலங்கிவிடும். குணசேகரின் கோழியிலிருந்து எடுத்தது கோடாக நின்றது. பிள்ளைகளிடமிருந்து வந்தது கலங்கியிருந்தது. பண்ணையின் எச்சத்தில், தீவனத்தில், வேகாத பண்ணை முட்டையில் எங்கே தேடியும் கலங்கும் வகை இல்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது பழமொழி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

சாய முட்டையில் மட்டும் அந்தக் கலங்கும் வகை இருந்தது. ஓட்டின்மேல் மட்டுமில்லை, ஓட்டுக்கு உள்ளேயும். செய்தி எப்படியோ வெளியே போக, ஊர் உடனே திசை மாறியது: அப்படியானால் எஸ்தர் சரியாக வேகவைக்கவில்லை. பெற்ற பிள்ளைக்கே அரைவேக்காட்டைக் கொடுத்தவள். ஆஸ்பத்திரி வராந்தாவில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் காதில் விழும்படியே யாரோ சொன்னார்களாம்.

நான் ஒரு சாய முட்டையை உரித்துக் குறுக்கே வெட்டினேன். மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சையாக ஒரு வளையம். வீட்டில் முட்டை வேகவைத்த எல்லோரும் பார்த்திருப்பீர்கள், அடுப்பில் மறந்துபோனால் வருமே, அது. வேகாததா? தேவைக்கு மேலேயே வெந்திருக்கிறது. அந்தச் சூட்டில் எந்தக் கிருமியும் பிழைத்திருக்க முடியாது. பிழைக்கவில்லை என்றால், வெந்த பிறகுதான் உள்ளே போயிருக்க வேண்டும்.

அப்போதுதான் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன அந்த நீலப் புள்ளி ஞாபகம் வந்தது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சபைக்குப் போனேன்.

எஸ்தர் மகளுக்கு மாற்றுத் துணி எடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள், போகிற வழியில் சபைச் சமையலறையைப் பூட்டிக்கொண்டிருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

“இன்னும் இன்னா மேடம் கேக்கணும்? கொதிக்கக் கொதிக்க வேக வெச்சேன். என் பொண்ணு மேல சத்தியம்.”

“வெந்திருக்கு எஸ்தர். நல்லாவே வெந்திருக்கு, நான் வெட்டிப் பார்த்துட்டேன். வெந்த முட்டையை எதுல போட்டு ஆற வெச்சே? அதை மட்டும் சொல்லு.”

அவள் மூலையில் கவிழ்த்துவைத்திருந்த பெரிய நீலத் தொட்டியைக் காட்டினாள். “அன்னிக்கு டேங்கர் லாரி வரல மேடம். குழாயில சொட்டு தண்ணி கெடையாது. முட்டைய கழுவுன தண்ணி இந்தத் தொட்டியில இருந்துச்சி. வெந்த முட்டைய அதுலியே போட்டு எடுத்தோம்.”

“கழுவின முட்டை எல்லாம் பண்ணை முட்டைதானா?”

“நாட்டுக்கோழி முட்டையும் இருந்துச்சி. வூட்ல கோழி வெச்சிகினு கீறவங்க நாலஞ்சு பேரு காணிக்கையா குட்தாங்க. எச்சம் ஒட்டிகினு இருந்துச்சின்னு அதயும் சேத்துதான் தேச்சிக் கழுவுனோம். கொஞ்சம் அந்தக் கூடையில மீந்து கீது பாருங்க.”

கூடையில் கழுவாத நாட்டுக்கோழி முட்டைகள் கொஞ்சம், பக்கத்தில் முட்டை தேய்த்த நார், எச்சம் ஒட்டிக் காய்ந்துபோய். இரண்டையும் எடுத்துப் பையில் போட்டேன். கிளம்பும்போது கேட்காமல் விட்டிருக்கலாம். கேட்டேன்.

“அந்தத் தண்ணியிலயே போடச் சொன்னது யாரு? நீயா முடிவு பண்ணே?”

எஸ்தர் தயங்கினாள். “உங்க பெரிய மேடம்தான். கூடவே நின்னு சொல்லிச்சி. வெந்த முட்டைக்கு இனிமே இன்னா வரப்போவுது, தண்ணிய வேஸ்ட் பண்ணாத எஸ்தர்னு. அது சொன்னா கரீக்ட்டாதான இருக்கும் மேடம்? நான் யார்கிட்டயும் சொல்லல. அந்தம்மா பேரு கெட்டுப் பூடும்.”

ஊரே அவளைக் கொலைகாரி என்கிறது, மகள் கண் திறக்கவில்லை, இவள் மேடத்தின் பேர் கெடக்கூடாது என்று வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள். ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு வரும்போது எனக்கு அழுகை வந்தது. யாருக்காக என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நாரிலும் நாட்டுக்கோழி முட்டை ஓட்டிலும் அதே கிருமி வளர்ந்தது. கூழ் கலங்கி நின்றது. ஏதோ ஒரு வீட்டுத் தோட்டத்தில் நலமாகக் கொத்தித் திரியும் கோழியின் எச்சம் தண்ணீருக்கு வந்து, சூடான முட்டைகள் அந்தத் தண்ணீரைக் குடித்து, ராத்திரி முழுக்கச் சித்திரை வெக்கையில் கூடையில் உட்கார்ந்து பெருகியிருக்கிறது. வேறு சந்தேகம் இல்லை.

அறிக்கை எழுதினேன். பிள்ளைகளின் நோய்க்குப் பண்ணை காரணமில்லை, வேகவைத்த பின் ஆறவைத்த நீர் காரணம் என்று. ஆய்வக அறிக்கையில் யார் போடச் சொன்னார்கள் என்று எழுதும் வழக்கம் இல்லை. அந்த வழக்கத்துக்குப் பின்னால் நான் வசதியாக ஒளிந்துகொள்ளலாம். குணசேகர் தப்பிப்பார். பெரிய மேடத்துக்கும் தெரிய வேண்டியதில்லை, ஓய்வு பெற அவருக்குக் கொஞ்ச காலம்தான் பாக்கி. ஆனால் தண்ணீர் என்று எழுதினால் ஊர் மறுபடியும் யாரைப் பார்க்கும்? சமையலறையில் நின்ற எஸ்தரைத்தான் பார்க்கும்.

அவர் அறைக் கதவைத் தட்டினேன். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு உள்ளே போய் நின்றேன்.

“கோழி மிதிச்சுக் குஞ்சு சாகாதும்மா. என்ன தப்புப் பண்ணினே? சொல்லு” என்றார். நான் ஏதோ சொதப்பிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார்.

“நான் இல்ல மேடம்.”

வெட்டிய முட்டையை அவர் முன்னால் வைத்தேன். பச்சை வளையத்தைப் பார்த்தார். “நல்லா வெந்திருக்கே” என்றார். வெளியே விமானம் ஒன்று தாழப் பறந்து போய்க் குடுவைகள் எல்லாம் அதிர்ந்து அடங்கின. அவருக்கு ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டே வருவதை நான் அவர் முகத்தில் பார்த்துக்கொண்டே நின்றேன்.

“மை முட்டை” என்றார்.

“ஆமா மேடம்.”

“நான்தான் போடச் சொன்னேன். தண்ணி லாரி வரல. வெந்துடுச்சில்லன்னு நினைச்சேன். எத்தனை பேருக்கு நான் அந்த மை முட்டையைக் காட்டியிருப்பேன்?” கண்ணாடியைக் கழற்றினார். “ஆய்வகத்துல இருந்தா எனக்கு ஞாபகம் வந்திருக்கும். சமையலறையில நான் சாதாரணப் பொம்பளையாயிட்டேன்.”

யானைக்கும் அடி சறுக்கும் மேடம் என்று ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டித் தடுத்துவிட்டார். “அறிக்கையில என் பேர் வருமா?”

“வராது மேடம். அப்படி எழுதுற வழக்கம் இல்ல.”

“அப்ப எஸ்தர் பேர்ல நிக்கும்” என்றார். நான் வழியெல்லாம் யோசித்து வந்து சேர்ந்த இடத்துக்கு அவர் ஒரு நொடியில் வந்துவிட்டார். “அறிக்கை இன்னிக்கே போகட்டும். குணசேகருக்கு நீயே போன் பண்ணு. ஞாயித்துக்கிழமை காலையில எங்க சபைக்கு வர முடியுமான்னு கேளு. நீயும் வா.”

இயக்குநர் அறிக்கையைப் படித்துக் கையெழுத்துப் போட்டார். “உங்க குமார் வேற குமார்தான்” என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த வாரத்தில் அப்போதுதான்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். எனக்குச் சபை வழக்கம் தெரியாது, செருப்பை எங்கே விடுவது என்றே தெரியாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் விபூதி நெற்றியோடு குணசேகர், என்னைவிடக் கூச்சமாக. இன்னொரு மூலையில் முக்காடு போட்டுக்கொண்டு எஸ்தர். ஜெனி அதற்குள் கண் திறந்து கஞ்சி குடிக்கத் தொடங்கியிருந்தாள். பிரசங்கம் முடிந்ததும் ஆயர் கையசைக்க, பெரிய மேடம் எழுந்து முன்னால் போனார்.

“பிள்ளைங்க விழுந்தது பண்ணை முட்டையால இல்ல. எஸ்தர் வேகவைக்காததாலும் இல்ல, அவ நல்லாவே வேக வெச்சா. கழுவின அழுக்குத் தண்ணியில வெந்த முட்டையை ஆற வைக்கச் சொன்னது நான். அது தப்புன்னு இந்த ஊர்ல யாரையும்விட எனக்குத்தான் தெரியும். தெரிஞ்சும் சொன்னேன். அந்த நேரத்துல அது என் புத்தியில வரல. பெத்தவங்ககிட்ட மன்னிப்புக் கேட்கிறேன். எஸ்தர்கிட்ட கேட்கிறேன். பின்னால உட்கார்ந்திருக்கிற குணசேகர் தம்பிகிட்டயும் கேட்கிறேன்.”

இந்த இடத்தில் எல்லோரும் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டார்கள் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. ஒரு தகப்பன் எழுந்து, “நீங்க படிச்சவங்க. நீங்களே இப்படிப் பண்ணா நாங்க யாரை நம்புறது?” என்று கேட்டார். “நியாயமான கேள்விதான். எங்கிட்ட பதில் இல்ல” என்றார் மேடம். இரண்டு குடும்பங்கள் அவரிடம் பேசாமலே வெளியே போயின. அவர் கையைக் கட்டிக்கொண்டு, எல்லோரும் போகும்வரை அங்கேயே நின்றார்.

எஸ்தர் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அந்தம்மா சொல்லாங்காட்டி சாவுற வரிக்கும் நெனச்சிகினே இருந்திருப்பேன் மேடம், சரியா வேவலியோ, நான்தான் அரவேக்காட்டக் குட்தேனோன்னு” என்றாள். குணசேகர் மேடத்துக்கு எதிரே போய்க் கும்பிட்டுவிட்டு பைக்கில் ஏறிப் போனார். கடைகள் அவரிடம் திரும்பி வர மாதங்கள் ஆயின. அடுத்த முறை அவர் கொட்டகையில் கோழி சுருண்டபோது, அதே சிமெண்ட் சாக்கோடு எங்கள் வாசலில்தான் வந்து நின்றார். அன்றைக்கு அவருக்கு டீ ஊற்றும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை எந்த விருதோடும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

நாட்டுக்கோழி முட்டை கொடுத்த வீடுகளுக்கு நாங்களே போய், கோழியைத் தொட்டால் கைகழுவுங்கள், முட்டையை அரைவேக்காடாகச் சாப்பிடாதீர்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வந்தோம். எந்த வீட்டுக் கோழி என்று தோண்டவில்லை. ஒரு வாரத்தில் அந்த ஊர் இரண்டு பேரைப் பிடித்து ஆட்டியது போதும் என்று மேடம் சொல்லிவிட்டார்.

பிள்ளைகளே, புது இயந்திரம் உங்களுக்குச் சீக்கிரம் விடை சொல்லும், நல்லது. ஆனால் இயக்குநர் மேசையில் போன் அடிக்கத்தான் அடிக்கும், வாசலில் யாராவது ஒரு குணசேகர் உட்காராமல் நிற்கத்தான் நிற்பார். அப்போது கிருமியின் பெயர் கிடைத்ததுமே எழுந்து ஓடாதீர்கள். நமக்கு எல்லாம் தெரியும் என்கிற தைரியம் வருகிறதே, அன்றைக்கு இன்னும் ஒரு தடவை பாருங்கள். என்னைவிட, உங்களைவிட, முட்டையை அறிந்த ஒருவருக்கு அது நடந்தது.

மேடம் அதற்குப் பிறகு சபைச் சமையலறைக்குள் போவதை நிறுத்திவிட்டார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, அவராகவே நிறுத்தினார். மத்தியானக் கேரியரில் முட்டைக் குழம்பும் நின்றுபோனது. காரணம் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த ஈஸ்டருக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார். ஆராதனை முடிந்து கூடையைச் சுற்றிப் பிள்ளைகள் மொய்த்தார்கள். நாங்கள் தள்ளி வேப்பமரத்தடியில் நின்றோம். கூட்டத்திலிருந்து ஜெனி விலகி வந்தாள், முந்தின வருடத்தைவிட உயரமாக. கையில் ஊதா முட்டை. மேடத்திடம் நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. “எதுல ஆற வெச்சீங்க?” என்றார்.

“புதுத் தண்ணியில ஆன்ட்டி. அம்மா காசு குடுத்து கேன் தண்ணி வாங்கினாங்க. கழுவுற தொட்டிய வெளியவே வெச்சிட்டாங்க.”

மேடம் வாங்கினார். அவள் முன்னாலேயே உரித்து, ஒரு விள்ளல் மிச்சமில்லாமல் சாப்பிட்டார். ஊதா விரல்களைத் துடைத்துக்கொண்டு, ஓட்டை மட்டும் கைக்குட்டையில் மடித்து வைத்தார். குப்பைக் கூடை தூரத்தில் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அந்தக் கைக்குட்டை என் மேசையில் இருந்தது.

“வளர்த்துப் பார்” என்றார்.

“முழுங்கியாச்சு, இனி எதுக்கு மேடம் டெஸ்ட்?”

“சாப்பிட்டது ஜெனிக்காக. இது எனக்காக.”

ஓட்டின் உள்தோலைக் கழுவி, அந்தத் தண்ணீரைத் தட்டில் உறைந்திருந்த கூழில் பூசி வைத்தேன். காத்திருந்து, எடுத்துப் பார்த்து, தட்டை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் முளைக்கவில்லை. அன்று மத்தியானம் ஓட்டலிலிருந்து எனக்கும் சேர்த்து முட்டைக் குழம்பு வாங்கி வரச் சொன்னார்.